கால்வாயைத் தாண்டிய அம்புக்குறி

ஜனவரி 9

அன்பிற்குரிய நாத்தனாருக்கு,

நாம் இருவரும் பேசிக்கொள்ளாமல் இரண்டு ஆண்டுகள் கழிந்த பின்னர் வரும் இக்கடிதம் உனக்கு வியப்பளிக்கலாம். எழுதச் சொன்னவர் உன் அண்ணன். "நீங்க ரெண்டு பேரும் ஃபோன்ல பேசினா செவுரு விரிசல் விடும். எழுதுங்க, தாள் தாங்கும்" என்றார். அவர் கூறுபவற்றுள் ஒன்றிரண்டு சரியாக அமைவதுண்டு.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். கோவையாகச் சொல்லாவிடில் எனக்குக் கை ஓடாது. காசநோய்க்கு ஆறு மாதம் தவறாமல் மாத்திரை உட்கொள்ள வேண்டும். இரண்டாம் மாதத்தில் இருமல் அடங்கியதும் பலர் நிறுத்திவிடுகின்றனர். நோய் முன்னிலும் முரடாகத் திரும்புகிறது. அதைத் தடுக்கவே நம் திட்டம். செவிலியர் வீடு தேடிச் செல்கின்றனர். பேருந்துச் சீட்டு தருகிறோம். ஆலை முதலாளிகளோடு பேசுகிறோம். குடும்பத்தாருக்கு ஆலோசனை சொல்கிறோம். இவற்றுள் எதைச் செய்தால் எது நிகழும், அதிலிருந்து அடுத்து எது விளையும் என்று நீ சுவரில் வரைந்து வைத்த அம்புக்குறிப் படம் இன்றும் என் மேசைக்கு எதிரில் இருக்கிறது.

நிதிக்குழு அனுப்பிய மதிப்பீட்டாளர் குரல் உயராத, கண்ணியமான மனிதர். அவருடைய இடைக்கால முடிவு இது: எங்கள் பகுதியில் சிகிச்சையை முழுமையாக முடிப்போர் பெருகியிருக்கின்றனர். ஆயினும் கால்வாய்க்கு அக்கரையில், திட்டமே இல்லாத பகுதியிலும் ஏறக்குறைய அதே அளவு பெருகியிருக்கின்றனர். எனவே, "இம்மாற்றம் திட்டத்தால் விளைந்தது என்று கூறுவதற்கில்லை."

மே மாத இறுதியில் குழு கூடுகிறது. குழுத் தலைவரை நாங்கள் 'கத்தரிக்கோல்' என்றே அழைக்கிறோம். காரணம் சொல்ல வேண்டியதில்லை. முடிவு இவ்வாறே நின்றால் திட்டம் மூடப்படும். பாதிச் சிகிச்சையில் இருப்பவர்களின் கதி என்னவென்று ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை.

வீட்டுச் சந்திப்பே இவ்வெற்றிக்குக் காரணம் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. பள்ளிப் படிப்பை எட்டாம் வகுப்போடு விட்டவள் நான். பழைய புத்தகக் கடை நூல்களைக் கொண்டு என்னை நானே ஆளாக்கிக்கொண்டவள். ஆயினும் காரணத்தை நிறுவும் முறை உன் துறை. அதை எழுது. கருத்துகள் வேண்டியதில்லை.

உன் அண்ணி

*

ஜனவரி 24

அண்ணி,

உறையில் உங்கள் கையெழுத்தைப் பார்த்ததும், வீட்டில் யாருக்காவது ஏதாவது ஆகிவிட்டதோ என்று நின்றுகொண்டே பிரித்தேன். யாருக்கும் ஒன்றுமில்லை, திட்டத்துக்குத்தான் உயிர் ஊசலாடுகிறது என்று தெரிந்ததும் உட்கார்ந்தேன்.

கருத்து வேண்டாம், முறை மட்டும் போதும் என்கிறீர்கள். சோறு வேண்டாம், பசி மட்டும் ஆறட்டும் என்பது மாதிரி இருக்கிறது.

ஒன்றைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போவேன். அன்று குழுவின் முன்னால் நான் சொன்னது ஒரே வாக்கியம்: "வீட்டுக்குப் போனால் மாத்திரை சாப்பிடுவார்கள் என்பது நம் நம்பிக்கை, இன்னும் ஆதாரமில்லை." வெளியே வந்ததும் நடைவழியில் நீங்கள் சொன்னது: "வீட்டுப் பொண்ணுன்னு சேத்துக்கிட்டா, வீட்டுக்கே கொள்ளி வெக்கிறியாடி?" அடுத்த மாதம் நான் இந்த ஊரில் இருந்தேன். இங்கே வேலை, இதேமாதிரித் திட்டங்களை மதிப்பிட ஆட்களைப் பழக்குவது. சிறு வயதில் நம் வீட்டில் எனக்கு வைத்த 'குடைச்சல்' என்ற பெயரை இங்கே யாரும் அறியமாட்டார்கள். ஆனாலும் குடைச்சலுக்குத்தான் சம்பளம் தருகிறார்கள்.

இப்போது முறை. நாலைந்து காரியம் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட திட்டத்தில், கடைசி எண்ணை மட்டும் பார்த்து "வென்றது, தோற்றது" என்று சொல்ல முடியாது. நடுவில் இருக்கும் ஒவ்வொரு அம்புக்குறியையும் தட்டிப் பார்க்க வேண்டும். இது உண்மையில் நடந்ததா? நடந்திருந்தால், அடுத்தது இதனால்தான் நடந்ததா, வேறெதனாலாவதா? அந்தப் படத்துக்கு எங்கள் துறையில் மாற்றக் கோட்பாடு என்று பெரிய பெயர். படம் வேதமில்லை அண்ணி, ஊகம்தான். சோதிக்கத்தான் வரைகிறோம்.

உங்களுக்கு மிகப் பிடித்த அம்பிலிருந்து தொடங்குங்கள். சிகிச்சையை முடித்தவர்களைப் பார்த்துப் பேசுங்கள். செவிலியரைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். "நாங்கள் உதவினோமா?" என்று கேட்காதீர்கள், முகத்துக்கு நேரே யார் இல்லையென்பார்கள்? "எப்படி முடிச்சீங்க?" என்று மட்டும் கேளுங்கள். பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். இந்தக் கடைசிப் பகுதிதான் உங்களுக்குக் கடினம்.

அக்கரையிலும் எண்ணிக்கை ஏன் ஏறியது என்றும் கேளுங்கள். அவர்கள் பிழைத்ததில் உங்களுக்கு என்ன வருத்தம்?

குடைச்சல்

*

பிப்ரவரி 12

நாத்தனாருக்கு,

நீ கூறியவாறே செய்தேன். உன்னைப் பொய்யாக்கும் நோக்கத்தோடுதான் புறப்பட்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

முதலில் சந்தித்தவர் ஒரு தையற்காரர். தையல் இயந்திரத்தின் மிதியிலிருந்து காலை எடுக்காமலே பேசினார். எப்படி முடித்தீர்கள் என்று கேட்டேன். கேட்டுவிட்டு, உன் கட்டளைப்படி வாயையும் மூடிக்கொண்டேன்.

"அந்த நீலக் கோட்டு அம்மா கண்ணுல படாமத்தான் முடிச்சேன்" என்றார்.

"புரியவில்லையே."

"அவங்க நல்லவங்கதாம்மா. ஆனா நீலக் கோட்டு தெருவுக்குள்ள நுழைஞ்சாலே ஜன்னல் எல்லாம் தொறந்துக்குது. 'இன்னிக்கு யாரு வீடு?'ன்னு எட்டிப் பாக்குறாங்க. அவங்க வர்ற கிழமையில நான் கடையைப் பூட்டிட்டு மச்சான் வீட்டுக்குப் போயிடுவேன்."

அடுத்து ஒரு பெண். செவிலியர் வரும்போது பின்கதவு வழியாக வெளியேறி விடுவாளாம். கணவனின் தாய் வாசலில் நின்று, "அவ வேலைக்குப் போயிட்டா" என்று பொய் சொல்லி அனுப்புவாளாம். மூன்றாவது வீட்டில் என்னைக் கண்டவுடனேயே கதவைச் சாத்தினர். நான் நீலப் புடவையில் சென்றிருந்தேன்.

செவிலியருக்கு அந்த நீலக் கோட்டைத் தேர்ந்தெடுத்தவள் நான். 'தூரத்திலிருந்தே அடையாளம் தெரிய வேண்டும்' என்று துணிக்கடையில் நின்று நிறம் பார்த்து வாங்கியவள் நான். அடையாளம் நன்றாகவே தெரிந்திருக்கிறது.

மழையிலும் வெயிலிலும் படியேறி இறங்கிய செவிலியரிடம் நான் என்ன சொல்வேன்? குழுவிடம் இதைச் சொன்னால் கத்தரிக்கோலுக்கு வேலையே இல்லை. துணி தானாகவே கிழிந்துவிடும். உனக்கு மகிழ்ச்சிதானே? இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சொன்னவள் அல்லவா நீ.

அக்கரைக்கு நான் செல்லவில்லை, செல்வதாகவும் இல்லை.

உன் அண்ணி

*

பிப்ரவரி 27

அண்ணி,

மகிழ்ச்சி இல்லை. உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்தக் கோட்டில் பித்தான் தைக்க உதவியவள் நானும்தான். ஆதாரமில்லை என்று வாய் கிழியப் பேசினேனே தவிர, கோட்டு ஆளை விரட்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

ஆனால் கோபத்தில் ஒன்றைத் தாண்டிப் போய்விட்டீர்கள். தையற்காரர் முடித்தார். பின்கதவுப் பெண்ணும் முடித்தாள். நீலக் கோட்டைப் பார்த்து ஓடியவர்கள் ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டிருக்கிறார்கள். யாரோ, எதுவோ அவர்களைத் தாங்கியிருக்கிறது. அது என்ன?

என் வகுப்பில் ஒரு மாணவர், முன்பு ரயில்வேயில் இருந்தவர். "ரயில் ஊர் போய்ச் சேர்ந்துடுச்சு, ஆனா நாம எதிர்பார்த்த பாதையில போகலைன்னா, முதல்ல பாதையைத் தேடணும், டிரைவரைத் திட்டக் கூடாது" என்றார். அவருக்குப் பெயர் சொல்லாமல் உங்கள் கதையைச் சொல்லியிருந்தேன். மன்னிக்க வேண்டாம், திட்டிக்கொள்ளுங்கள்.

வீட்டில் விழுங்கவில்லை என்றால் எங்கே விழுங்கினார்கள்? இதைக் கேளுங்கள். எந்த இடம், பக்கத்தில் யார், கையில் தண்ணீர் எங்கிருந்து வந்தது. சின்னக் கேள்விகள்தான், பெரிய கேள்விக்கு ஜனங்கள் பெரிய பதில் சொல்லிவிடுவார்கள்.

கால்வாய்ப் பாலத்தையும் கடந்துவிடுங்கள். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று ஊரெல்லாம் சொல்கிறது. ஏன் பச்சை என்று போய்ப் பார்த்த முதல் ஆள் நீங்களாக இருங்கள்.

குடைச்சல்

*

மார்ச் 18

அடியே குடைச்சல்,

இவ்வாறு விளித்ததைக் கொண்டே செய்தியின் தன்மையை நீ ஊகித்திருப்பாய். முறையாகச் சொல்கிறேன்.

பின்கதவுப் பெண்ணிடம் மீண்டும் சென்றேன்; இம்முறை பழுப்புப் புடவை. எங்கே மாத்திரை சாப்பிட்டாய் என்றேன். "வேலைல, தண்ணி மணி அடிக்கும்போது" என்றாள், பொழுது விடிவதைப் பற்றிச் சொல்வதுபோல. அவள் மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் நீராவிச் சலவை ஆலையில் பணிபுரிகிறாள். அவ்வாலை நம் கரையில், பாலத்தின் காலடியில் இருப்பதை நீ அறிவாய்.

நேரே ஆலைக்குச் சென்றேன். ஓங்கிய குரலும் அகன்ற தோளும் கொண்ட மேற்பார்வையாளர் அம்மா, "யாரு, லெட்டர் அம்மாவா?" என்று வரவேற்றார். திட்டத்தின் தொடக்கத்தில் நான் ஆலைகளுக்கு அனுப்பிய கடிதத்தைச் சொல்கிறார். பணி நேரத்தில் மாத்திரை உட்கொள்ள நோயாளிகளை அனுமதிக்குமாறு கேட்ட கடிதம்.

"படிச்சு முடிக்கறதுக்குள்ள மூச்சு வாங்கிடுச்சும்மா. ஒரு வாக்கியம் அந்தப் பக்கம் போயி, பஸ் புடிச்சு, இந்தப் பக்கம் திரும்பி வருது!"

"சுருங்கச் சொன்னால் பொருள் குறையும்."

"குறையட்டும். நீங்க சொன்னபடி நோயாளிக்கு மட்டும் நேரம் விட்டா என்ன ஆகும்? 'அவளுக்கு எதுக்கு லீவு, இவளுக்கு என்ன வியாதி'ன்னு நாள் முழுக்க அதே பேச்சு. எனக்கு ஏற்கனவே தலைவலி. அதான், ஷிஃப்டு ஆரம்பிச்சதும் மணி அடிப்பேன். எல்லாரும் மெஷினை நிறுத்திட்டு ஒரு டம்ளர் தண்ணி குடிக்கணும். யாரு தண்ணியோட எதை முழுங்கினா எனக்கென்ன? எவளும் அடுத்தவ கையைப் பாக்கக் கூடாது. பாத்தா அன்னிக்கு ஈரத் துணி மூட்டை அவ தலைலதான்."

சொல்லிவிட்டு அவரே வாய்விட்டுச் சிரித்தார். தாம் செய்தது இன்னதென்று அவருக்குத் தெரியவில்லை. வதந்தியை ஒழித்ததாக மட்டுமே எண்ணிக்கொண்டிருக்கிறார்.

அப்போது நான் கேட்டேன்: "உங்கள் ஆட்கள் எங்கே குடியிருக்கிறார்கள்?"

"பாதிப் பேரு அக்கரைதான். காலைல பாலத்துல நின்னு பாருங்க, எறும்பு மாதிரி வருவாங்க."

மறுநாள் காலை பாலத்தில் நின்றேன். வந்தனர், குடையும் சாப்பாட்டுப் பையுமாக. அக்கரையில் உறங்கி, இக்கரையில் மாத்திரை விழுங்கி, அக்கரைக் கணக்கில் குணமடைந்தவர்கள்! ரொட்டி ஆலையிலும் அட்டைப்பெட்டிக் கூடத்திலும் இதே மணி ஒலிக்கிறது; சலவை ஆலையிலிருந்து வேலை மாறிச் சென்ற பெண்கள் கேட்டு வாங்கியிருக்கின்றனர்.

நம் படத்தைப் பார்த்தேன். 'முதலாளிகளுடன் பேச்சு' என்ற கட்டம் மூலையில் சிறிதாக இருக்கிறது. அதிலிருந்து செல்லும் கோட்டைப் புள்ளிகளால் வரைந்திருக்கிறாய். வீட்டுச் சந்திப்புக்கோ உலக்கை பருமனில் அம்பு. உலக்கை உளுத்துப்போயிற்று. புள்ளிக்கோடு கால்வாயையே தாண்டிவிட்டது.

திட்டம் இல்லாத பகுதி என்று மதிப்பீட்டாளர் கருதிய இடத்தில் திட்டம் தினமும் நடந்து சென்று குடியேறியிருக்கிறது. நாம் தோற்கவில்லை. நம் வெற்றியை எதிர்க்கணக்கில் எழுதிவிட்டனர்!

உன் அண்ணி

*

ஏப்ரல் 2

அண்ணி, அண்ணி, அண்ணி,

அலுவலகத்தில் எழுந்து நின்று கைதட்டினேன். பக்கத்து மேசைக்காரர் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது என்று நினைத்து வாழ்த்தினார். மறுக்கவில்லை, இதுவே அதைவிடப் பெரிய செய்தி.

இப்போது உங்கள் கையிலிருக்கும் இனிப்பைப் பிடுங்கப் போகிறேன். கோபப்படுங்கள், ஆனால் கேளுங்கள். நல்ல கதை ஒன்று கிடைத்துவிட்டது. கதையை நம்பித்தான் முதல் முறையும் மாட்டிக்கொண்டோம். கத்தரிக்கோல் என்ன கேட்பார்? "நிலையான வேலை இருக்கிறவன் எப்படியும் ஒழுங்கா மருந்து சாப்பிடுவான், மணிக்கு இதுல என்ன பங்கு?" பதில் இருக்கிறதா?

உங்களை நீங்களே தோற்கடிக்கப் பாருங்கள். நிலையான வேலை உண்டு, மணி கிடையாது என்று ஓர் இடம் வேண்டும். அக்கரைச் செருப்பு ஆலை நினைவிருக்கிறதா? அங்கேயும் சிகிச்சையை முடிக்கிறவர்கள் பெருகியிருந்தால் மணிக்குப் பெருமை இல்லை. இன்னொன்று: மணி எப்போதாவது நின்றதா? நின்றபோது என்ன ஆனது? மணிதான் காரணம் என்றால், அது நின்ற இடத்தில் வலித்திருக்க வேண்டும். இதையெல்லாம் அந்த மதிப்பீட்டாளரோடு சேர்ந்து பாருங்கள். எண்கள் அவரிடம் இருக்கின்றன. அவரை எதிரியாக நினைக்காதீர்கள். அவர் சரியான கேள்வியைத்தான் கேட்டார், கோடு கிழித்த இடம்தான் தவறு.

கடைசியாக ஒன்று. மணியைச் சொல்லிவிட்டு நீலக் கோட்டை மறைக்கலாம் என்று உங்களுக்கு ஆசை வரும். எனக்கே வருகிறது. மறைத்தால் மணியையும் நம்பமாட்டார்கள். வீட்டுச் சந்திப்பு பலிக்கவில்லை என்பதை, அந்த அறையில், உங்கள் வாயால் சொல்ல வேண்டும். முடியுமா?

குடைச்சல்

*

மே 29

அன்பு நாத்தனாரே,

முடிந்தது. வரிசையாகச் சொல்கிறேன், பொறு.

மதிப்பீட்டாளரும் நானும் செருப்பு ஆலைக்குச் சென்றோம். மாதச் சம்பளம், நிலையான வேலை, மணி கிடையாது. அங்குள்ள நோயாளிகள் முன்பு எவ்வாறு பாதியில் நிறுத்தினரோ அவ்வாறே இன்றும் நிறுத்துகின்றனர். மணி நின்றதுண்டா என்று மேற்பார்வையாளர் அம்மாவிடம் கேட்டேன். "பாய்லர் வெடிச்சு மூடிக் கெடந்தோமே, போன மழைக்கு" என்றார். அதுவரை அமைதியாக இருந்த மதிப்பீட்டாளர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். அவருடைய வரைபடத்தில் சென்ற மழைக்காலத்தில் ஒரு பள்ளம் இருந்திருக்கிறது. இரு கரையிலும், ஒரே சமயத்தில், ஒரே ஆழத்தில். பல மாதங்களாக அவருடைய உறக்கத்தைக் கெடுத்த பள்ளமாம். "அம்மா, அந்தப் பள்ளம் உங்க பாய்லர்!" என்று கூவினார். குரல் உயராத மனிதர் என்று நான் எழுதியதைத் திருத்திக்கொள்.

கூட்டத்திற்கு முந்தைய நாள் செவிலியரை அழைத்து அனைத்தையும் கூறினேன். மூத்த செவிலியர்தான் முதலில் வாய் திறந்தார். "கதவைத் தட்டும்போதெல்லாம் உள்ள ஆள் இருக்கிற சத்தம் கேக்கும். எங்களுக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? உங்க முகத்துக்காகத்தான் சொல்லலை" என்றார்.

அடுத்த நாள், குழு அறை. நான் எழுந்து முதல் வாக்கியமாக அதையே வைத்தேன்: "வீட்டுச் சந்திப்பால் பயன் விளையவில்லை; சில இடங்களில் தீங்கு விளைந்தது. அதை வடிவமைத்தவள் நான்." பிறகு மணி, பாலம், செருப்பு ஆலை, கொதிகலன் என ஒவ்வோர் அம்பாக எடுத்துரைத்தேன், எது நின்றது, எது விழுந்தது, தையற்காரர் முடித்தது எப்படி என்பதுபோல் எது இன்னும் எங்களுக்குத் தெரியாது என்பது உட்பட.

கத்தரிக்கோல் கண்ணாடியைக் கழற்றினார். "உங்க படம் தப்புன்னு நீங்களே சொல்றீங்க. அப்புறம் எந்த நம்பிக்கையில பணம் குடுக்கறது?"

எழுத்துத் தமிழ் எங்கோ போய்விட்டது எனக்கு. "தப்பைக் கண்டுபிடிச்சு நாங்களே வந்து சொல்றோம், எங்களுக்குக் குடுக்க மாட்டீங்க. எங்ககிட்ட தப்பே இல்லைன்னு வர்றவங்களுக்குக் குடுப்பீங்களா?"

அறையில் யாரோ சிரித்தனர். அவர் சிரிக்கவில்லை. "அந்த மணியை நான் பாக்கணும்" என்றார்.

மதிய ஷிஃப்டுக்குக் குழு முழுவதும் சலவை ஆலைக்குள் நின்றது. நீராவியில் அவர்தம் சட்டைகள் முதுகோடு ஒட்டிக்கொண்டன. மேற்பார்வையாளர் அம்மா அவர்கள் கையிலும் ஆளுக்கொரு டம்ளரைத் திணித்து, "இங்க வந்தா எல்லாரும் குடிக்கணும்" என்றார். மணி ஒலித்தது. இயந்திரங்கள் ஒவ்வொன்றாக அடங்கின. வெள்ளைத் துணி மலைகளுக்கு நடுவே அத்தனை பேரும் தலையை அண்ணாந்து குடித்தனர். ஒருவரும் மற்றவர் கையைப் பார்க்கவில்லை.

கத்தரிக்கோல் குனிந்து மேற்பார்வையாளர் அம்மாவின் காதருகே கேட்டார்: "இதுல நோயாளி யாரு?"

அந்த அம்மாவுக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. "அதைக் கேக்கக் கூடாதுன்னுதானே சார் மணியே வெச்சிருக்கு!"

அத்தனை பெண்களும் சிரித்துவிட்டனர். தலைவர் தம் சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டுக்கொண்டு டம்ளரைக் காலி செய்தார். எதுவென்று நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது.

டம்ளரைத் திருப்பித் தந்தவாறே, "மூணு வருஷம். ரெண்டு கரைக்கும்" என்றார்.

நம் செவிலியர் இனி இரு கரையிலும் சாதாரண உடையில் ஆலை ஆலையாகச் செல்வர். அழைத்தவர் வீட்டிற்கு மட்டுமே போவர். செருப்பு ஆலைதான் முதல். புதிய படத்தை வரைய வேண்டும். அதற்கு நீ வந்தாக வேண்டும். சம்பளம் குறைவு, என் வாய் நீளம், இரண்டும் உனக்குப் புதிதல்ல. அன்று நடைவழியில் நான் சொன்ன சொல் தவறு. அறையினுள் நீ சொன்ன சொல் சரி.

மணி ஓய்ந்து இயந்திரங்கள் மறுபடி உறுமத் தொடங்கிய அந்த நொடியை இலக்கண சுத்தமாக எழுத மூன்று முறை முயன்றேன், வசப்படவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடியே தருகிறேன். நீ அங்கு இல்லாத குறைக்கு மேற்பார்வையாளர் அம்மாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னிலையிலும், உன் ஊர் இருக்கும் திசை நோக்கிக் கத்தினேன்:

"ஜெயிச்சுட்டோம்டீ!"

உன் அண்ணி